ஒலியும் எழுத்தும்: மட்டாஞ்சேரியில் எழுந்த ஒரு கேள்வி

கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியில் காலை வேளையில் நடந்து செல்பவருக்கு ஒரு நாழிகைக்குள் பல மொழிகள் காதில் விழும். மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் தெருவில் மலையாளம். குஜராத்தி வீதியில் குஜராத்தியும் கச்சியும். திருமலை தேவஸ்வம் கோயிலைச் சுற்றிக் கொங்கணி. சிறிது தள்ளி, கோட்டைக் கொச்சியின் வண்ணாந்துறையில் பல தலைமுறைகளாக வாழும் வண்ணார் குடும்பங்களின் தமிழ். இவ்வளவு மொழிகளுக்கு நடுவே குடியிருக்கும் தமிழர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மொழியைப் பற்றிய ஐயங்கள் எழுவது இயற்கையே. அத்தகைய ஐயம் ஒன்றுதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

நம் நண்பர் ஒருவர் தென்காசிப் பக்கத்தவர். இவ்வூரார் ‘பாண்டிகசாலை’ என்று வழங்கும் சரக்குக் கிடங்கு ஒன்றில் கணக்கராக இருக்கிறார். அவருடைய மகள் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். பள்ளியில் மலையாளம், ஞாயிறுதோறும் வீட்டில் தந்தையிடம் தமிழ். ஊரிலுள்ள ஆச்சி இன்றும் பேத்திக்குத் தம் கையாலேயே கடிதம் எழுதுகிறார். சிறுமி மோகினியாட்டம் பயில்வதைக் கேட்டு மகிழ்ந்த ஆச்சி, ஒரு கடிதத்தில், ‘ஆடும்போது உன் முகத்தில் பாவம் நன்றாகத் தெரிகிறது என்று உன் அப்பா சொன்னான்’ என்று எழுதியிருந்தார். சிறுமி அதைப் படித்துவிட்டுக் கண் கலங்கினாள். ‘பாவம்’ என்றால் மலையாளத்தில் இரக்கத்துக்குரிய ஏழை என்று பொருள். தமிழிலோ பழி, தீவினை என்றும் பொருள் உண்டு. நடனத்தில் வரும் மெய்ப்பாட்டைக் குறிக்கும் சொல் வேறு. அதன் முதலொலி உதடுகளைச் சேர்த்துத் தொண்டை அதிரச் சொல்லப்படுவது. மலையாளத்தில் அதற்குத் தனி எழுத்து இருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே பகரந்தான்.

தந்தை விளக்கியதும் அழுகை நின்றது. ஆனால் கேள்வி பிறந்தது. நாம் அவ்வீட்டுக்குச் சென்றிருந்தபோது சிறுமி நம்மிடமே கேட்டாள்: “மாமா, மலையாளத்தில் எல்லா ஒலிக்கும் எழுத்து இருக்கிறதே, தமிழில் ஏன் இல்லை? போதாத எழுத்தை வைத்துக்கொண்டு எதற்குப் படிக்க வேண்டும்? ஆச்சிக்கு இனி மலையாளத்திலேயே எழுதுகிறேன். யாராவது படித்துச் சொல்லட்டும்.” நண்பர் தலை குனிந்து அமர்ந்திருந்தார். பின்பு வாயில்வரை வந்து, “அண்ணாச்சி, அவள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தை நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது” என்றார்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் பலருக்கும் இக்கேள்வி புதிதன்று. தில்லியிலோ மும்பையிலோ நாகரி எழுத்தைக் கற்ற பிள்ளையும் இதையே கேட்கிறது. ஆகவே சற்றுப் பொறுமையோடு இதை ஆராய்வது நல்லது.

முதலில் ஒலி வேறு, எழுத்து வேறு என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். மூச்சுக்காற்று நுரையீரலிலிருந்து எழுந்து வாய் வழியாகத் தடையின்றி வெளிவந்தால் உயிரொலி. நாவோ உதடோ அதைத் தடுத்து விட்டால் மெய்யொலி. எந்த இடத்தில் தடுக்கிறோம், எவ்வாறு தடுக்கிறோம், தடுக்கும்போது தொண்டையிலுள்ள குரல்நாண்கள் அதிர்கின்றனவா, தடை விலகும்போது மூச்சு மிகுந்து வெளிப்படுகிறதா என்னும் நான்கு வினாக்களுக்கு விடை கூறினால் மெய்யொலி ஒன்றின் இயல்பு பெரும்பாலும் விளங்கிவிடும்.

தொல்காப்பியனார் எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியலில் இவற்றுள் முதலிரண்டையும் விரிவாக ஆராய்ந்துள்ளார். ககரமும் ஙகரமும் அடிநாவும் அண்ணத்தின் அடியும் பொருந்தப் பிறப்பவை. தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியில் நாவின் நுனி பரந்து பொருந்தப் பிறப்பவை. றகரமும் னகரமும் நாவின் நுனி மேலே சென்று அண்ணத்தைத் தொடப் பிறப்பவை. பகரமும் மகரமும் இதழ்கள் இயையப் பிறப்பவை. இவ்வாறு 18 மெய்களுக்கும் இடம் குறித்துள்ளார். ஏடும் எழுத்தாணியும் தவிர வேறு கருவியில்லாத காலத்தில், தம் நாவையே கருவியாகக் கொண்டு கண்டறிந்தவை இவை.

மூன்றாம் வினாவான குரல்நாண் அதிர்ச்சியைத் தமிழ் எழுத்து ஏன் காட்டவில்லை? இதற்கு விடை காண நேயர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். தொண்டையின் மேல் இரு விரல்களை வைத்துக்கொண்டு ‘மகன்’ என்று நிதானமாகச் சொல்லுங்கள். தொடக்கம் முதல் இறுதிவரை அதிர்ச்சி தொடர்ந்து விரலில் படும். அடுத்து ‘மக்கள்’ என்று சொல்லுங்கள். நடுவே ஒரு கணம் அதிர்ச்சி நின்றுவிடும். எழுத்து ஒன்றே, ஒலி இரண்டு. ஆயினும் நாம் தடுமாறுவதில்லை. வல்லின எழுத்து சொல்லின் முதலில் வந்தாலும் இரட்டித்து வந்தாலும் அதிர்ச்சியின்றி ஒலிக்கும். மெல்லினத்தை அடுத்து வந்தால் அதிர்ச்சியோடு ஒலிக்கும். இரண்டு உயிர்களுக்கு இடையே தனித்து வந்தால் மென்மை பெறும். ‘கல்’, ‘பக்கம்’, ‘தங்கம்’, ‘பகல்’ என்னும் நான்கு சொற்களில் வரும் ககரத்தை ஒலித்துப் பார்த்தால் இது தெளிவாகும். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் ஒப்பிலக்கண நூலில் இந்நெறியை எடுத்துக் காட்டியுள்ளார். வரும் இடமே ஒலியைத் தீர்மானிக்கும்போது அதற்கெனத் தனி எழுத்து வேண்டுவதில்லை.

அப்படியானால் ‘பாவம்’ என்னும் இடர்ப்பாடு ஏன் நேர்ந்தது? அது வடமொழியிலிருந்து வந்த சொல். சொல்லின் முதலிலேயே அதிரும் ஒலி நிற்பது தமிழின் பழைய நெறியில் இல்லை. விருந்தினராய் வந்த சொற்கள் தம் ஒலியையும் உடன் கொண்டுவந்தபோது எழுத்து பழைய நிலையிலேயே நின்றது. இங்கே தமிழ் எழுத்துக்கு ஒரு குறை உண்டென்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ‘காந்தி’, ‘தானம்’, ‘பாரதி’ ஆகிய சொற்களின் முதலொலியைக் கேட்டுப் பழகித்தான் அறிய வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் வளரும் பிள்ளைக்குச் செவிவழிப் பழக்கம் தானே வந்துவிடுகிறது. வெளியூரில் வளரும் பிள்ளைக்கு அதை நாம்தாம் தர வேண்டும்.

இனி மலையாளத்தின் நிலையைக் காண்போம். அங்கே ஒவ்வொரு வல்லினத்துக்கும் நான்கு எழுத்துகள். மெல்லினத்தையும் சேர்த்தால் ஐந்து வருக்கங்களில் 25 எழுத்துகள். ஆயினும் மலையாளத்தார் ‘மகன்’ என்னும் சொல்லை எவ்வாறு எழுதுகின்றனர்? அதிரும் ககரத்துக்குத் தனி எழுத்து இருந்தும், தமிழரைப் போலவே முதல் ககரத்தையே எழுதுகின்றனர், மென்மையாகவே ஒலிக்கின்றனர். ‘தம்பி’, ‘பம்பை’ முதலிய சொற்களிலும் முதல் பகரத்தையே எழுதுகின்றனர். தம் பழஞ்சொற்களைப் பொறுத்தவரை அவர்களும் தமிழின் நெறியையே கைக்கொள்கின்றனர். கூடுதல் எழுத்துகள் பெரும்பாலும் வடமொழிச் சொற்களுக்காகவே பயன்படுகின்றன.

இதைவிட வியப்பான செய்தி ஒன்றுண்டு. தமிழில் ‘ந’, ‘ன’ என இரண்டு எழுத்துகள் உள்ளன. தொல்காப்பியனார் இவற்றுக்கு வெவ்வேறு பிறப்பிடம் கூறுகிறார். ஆனால் இன்றைய தமிழருள் பெரும்பாலோர் இரண்டையும் வேறுபடுத்தி ஒலிப்பதில்லை. எங்கே எதை எழுதுவது என்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்கிறோம். மலையாளத்தார் வாயில் அவ்வேறுபாடு உயிரோடு நிலவுகிறது. பன்றியைக் குறிக்கும் மலையாளச் சொல்லை அவர்கள் ‘பந்நி’ என்று நாவைப் பல்லில் பொருத்தி ஒலிக்கின்றனர். கன்னியைக் குறிக்கும் சொல்லில் நா பல்லைத் தொடாமல் சற்று மேலே சென்று தொடுகிறது. ஆனால் அவர்கள் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே குறிதான். தமிழ் எழுத்து காத்து வைத்திருக்கும் வேறுபாட்டைத் தமிழர் நா மறந்தது. மலையாளத்தார் நா காத்து வைத்திருப்பதை அவர்கள் எழுத்து காட்டவில்லை.

மெல்லினம் ஆறும் தத்தம் இடத்தில் ஒலிப்பதைக் கேட்க விரும்புவோர் மலையாள நண்பர் ஒருவரை இந்த ஆறு சொற்களைச் சொல்லச் செய்யலாம்: குறைவு என்னும் பொருளில் ‘கம்மி’, பன்றி என்னும் பொருளில் ‘பந்நி’, ‘கன்னி’, சங்கிலியின் வளையமாகிய ‘கண்ணி’, கஞ்சியைக் குறிக்கும் ‘கஞ்ஞி’, மாங்காயைக் குறிக்கும் ‘மாங்ங’. உதட்டில் தொடங்கி அடிநா வரை ஆறு இடங்களிலும் மூக்கொலி நின்று ஒலிப்பதை உணரலாம். நம் நெடுங்கணக்கில் ஙகரம் ஏன் தனி எழுத்தாக நிற்கிறது என்று கேட்கும் பிள்ளைக்கு ‘மாங்ங’ என்னும் சொல்லே விடை.

வல்லினத்திலும் இவ்வாறே. ‘குத்தி’, ‘குற்றி’, ‘குட்டி’ என்னும் மூன்று சொற்கள் மலையாளத்தில் உண்டு. முதலாவதில் நா பல்லில் படும். இரண்டாவதில் பல்லுக்குப் பின்னுள்ள மேட்டில் படும். மூன்றாவதில் வளைந்து அண்ணத்தில் படும். முளையைக் குறிக்கும் நடுச்சொல்லில் வரும் ‘ற்ற’ ஒரு தூய வெடிப்பொலி. அதில் ரகரச் சாயல் சிறிதும் இல்லை. யாழ்ப்பாணத் தமிழரிடமும் இவ்வொலியைக் கேட்கலாம். தமிழ்நாட்டிலோ ‘காற்று’ என்பதைப் படிக்கும்போது ரகரம் கலந்து ஒலிக்கிறோம். பேச்சில் ‘காத்து’ என்று தகரமாக்கிவிடுகிறோம். றகரத்தை வல்லினத்தில் சேர்த்த பண்டைத் தமிழர் அதை எவ்வாறு ஒலித்தனர் என்பதைப் பெருமளவுக்கு உணர்த்தும் சான்று, கொச்சிப் படகுத்துறையில் நாள்தோறும் காதில் விழுகிறது.

பிற நாட்டு மொழிகளிலும் இத்தகைய நிலை உண்டா என்று பார்க்க ஆர்மேனிய மொழி நமக்கு உதவும். அது தமிழருக்கு முற்றிலும் அயலானதன்று. சென்னை ஜார்ஜ் டவுனில் ‘அரண்மனைக்காரன் தெரு’ என்று ஒரு தெரு உண்டு. அங்கே அரண்மனை எதுவும் இல்லை. 1772-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆர்மேனியர் தேவாலயமே இருக்கிறது. ‘ஆர்மேனியக்காரன்’ என்பதே தமிழர் நாவில் அவ்வாறு மருவியது என்பர். 1726-இல் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டுவித்த பெத்ருஸ் உஸ்கான் ஓர் ஆர்மேனிய வணிகர். உலகிலேயே முதல் ஆர்மேனிய இதழாகிய ‘அஸ்தரார்’ 1794-இல் சென்னையில்தான் ஹருத்யூன் ஷ்மவோன்யன் என்னும் பாதிரியாரால் அச்சிடப்பட்டது.

ஆர்மேனியருக்கு எழுத்தை வகுத்துத் தந்தவர் மெஸ்ரோப் மஷ்தோத்ஸ் என்னும் துறவி. கி.பி. 405-ஐ ஒட்டி அவர் 36 எழுத்துகளை அமைத்தார். இடைக்காலத்தில் மேலும் 2 எழுத்துகள் சேர்ந்தன. வெடிப்பொலிகளிலும், ‘ச்ச’ போல வெடித்து உரசும் ஒலிகளிலும் இம்மொழி மும்மூன்று வகை கொள்கிறது: தொண்டை அதிர்வது, அதிராதது, அதிராமல் மூச்சு மிகுந்து வெளிப்படுவது. இவ்வாறு ஐந்து இடங்களில் மூன்று மூன்றாக 15 ஒலிகள். மூச்சு மிகுவதை அறிய, உதட்டின் முன்னே மெல்லிய தாள் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். தாள் துடித்தால் மூச்சொலி. தமிழில் ‘கர்’ என்று நாம் எழுதக்கூடிய ஒலிக்கோவை அங்கே மூச்சின்றி ஒலித்தால் தையல். மூச்சுடன் ஒலித்தால் கல். ககரத்தை அதிரச் சொல்லி, இறுதி ரகரத்தை றகரம்போல உருட்டினால் ஆட்டுக்குட்டி. ஆம், தமிழைப் போலவே ஆர்மேனியத்திலும் ரகரம் இரண்டு. ஒன்று மெல்ல வருடுவது, மற்றொன்று உருண்டு அதிர்வது. ‘கரை’, ‘கறை’ என்னும் வேறுபாடு அவர்களுக்கு எளிதில் விளங்கும்.

ஆனால் ஆர்மேனியரும் காலப்போக்கில் இரண்டு கிளையாயினர். கிழக்குக் கிளையார் மூன்று வகையையும் காத்தனர். மேற்குக் கிளையார் வாயில் அவை இரண்டாகக் குறைந்ததுடன், எழுத்தின் ஒலியும் இடம் மாறியது. ஒரே எழுத்துகளால் எழுதப்படும் பெயரைக் கிழக்கிலுள்ளார் ‘கராபெத்’ என்று முதலொலி அதிராமல் படிப்பர். மேற்கிலுள்ளார் அதே ககரத்தை நம் ‘காந்தி’யின் முதலொலி போல அதிரச் செய்வர். ‘பெத்ரோஸ்’ என்னும் பெயரின் முதலொலியும் மேற்கில் அதிரும். 16 நூற்றாண்டுகளாக எழுத்து மாறவில்லை, ஒலி மாறிவிட்டது. இதற்காக மேற்கு ஆர்மேனியர் தம் எழுத்தைக் கைவிடவில்லை. போரிலும் புலம்பெயர்விலும் சிதறிய அம்மக்கள் தம்மை ஒரே இனமாக உணர்வதற்கு அவ்வெழுத்தும் ஒரு காரணமாயிற்று. இரு கிளையாரும் ஒருவர் கடிதத்தை மற்றவர் தத்தம் ஒலியில் படித்துக்கொள்ள முடிகிறது.

மீண்டும் மட்டாஞ்சேரிக்கே வருவோம். இங்குள்ள யூதர் தெருவில் 1568-இல் எழுந்த பரதேசி யூத ஆலயம் இருக்கிறது. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஏறத்தாழ கி.பி. 1000-இல், யூதத் தலைவர் ஒருவருக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடுகள் அவ்வாலயத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. எழுத்து வட்டெழுத்து, மொழி தமிழும் மலையாளமும் முற்றிலும் பிரியாத காலத்து மொழி. அத்தலைவரின் பெயர் யோசேஃப் ரப்பான். செப்பேடு அவரை ‘இசுப்பு இரப்பன்’ என்னும் வடிவில் குறிக்கிறது. ரகரம் சொல்லுக்கு முதலில் வாராது என்பது நம் மரபு. ஆகவே முன்னே ஓர் இகரம் வந்தது. ஃபகரம் இல்லை, ஆகவே பகரம் வந்தது. வல்லினமெய் தனித்துச் சொல்லின் இறுதியில் நில்லாது. ஆகவே உகரம் சேர்ந்தது. ‘ராமன்’ ‘இராமன்’ ஆனதும் இம்முறையிலேதான். ஆர்மேனியத்தின் பழஞ்சொற்களிலும் ரகரம் முதலில் நிற்பதில்லை. வடமொழியில் ‘ரஜஸ்’ என்று வழங்கும் சொல்லின் உறவுச் சொல், பழைய ஆர்மேனியத்தில் எகரம் முன்வர ‘எரெக்’ என்றாகி மாலைப்பொழுதைக் குறிக்கிறது.

பெயர் இவ்வாறு உருமாறியதனால் அவர் பெற்ற உரிமை எதுவும் குறையவில்லை; ஆயிரம் ஆண்டு கடந்தும் அச்செப்பேடு அவரை அடையாளம் காட்டுகிறது. இதே கொச்சியில்தான் 1579-ஆம் ஆண்டு ‘கிரீசித்தியானி வணக்கம்’ என்னும் தமிழ் நூல் அச்சேறியது. அதைத் தமிழில் ஆக்கிய அண்டிரிக் அடிகளார் போர்த்துக்கேயர். தம் நாட்டாருக்கு விளங்கத் தமிழுக்குப் போர்த்துக்கேய மொழியில் இலக்கணமும் எழுதியவர் அவர். ஆகவே கொச்சியில் தமிழ் எழுத்து நேற்று வந்து இறங்கியதன்று.

இவ்வளவையும் ஒரே நாளில் சிறுமியிடம் சொல்லிவிட முடியவில்லை. அடுத்த ஞாயிறன்று நாம் அவளைத் தொண்டையில் விரல் வைத்து ‘மகன்’, ‘மக்கள்’ என்று சொல்லச் சொன்னோம். “உங்கள் மலையாளத்திலும் இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தானே?” என்று கேட்டோம். சற்று யோசித்துவிட்டுத் தலையசைத்தாள். பிறகு ‘பந்நி’, ‘கன்னி’ என்பவற்றை அவளே சொல்ல, தந்தை திருப்பிச் சொல்ல முயன்றார். அவர் நாவில் இரண்டும் ஒன்றாகவே வந்தன. சிறுமி விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்பா, ஆச்சி எழுத்தில் இரண்டு ‘ந’ இருக்கிறதே, உங்களுக்குச் சொல்ல வரவில்லையே!” என்றாள். தந்தை மகளிடம் ஒலி கற்பதும் மகள் தந்தையிடம் எழுத்துக் கற்பதுமாக அன்றைய பாடம் நடந்தேறியது.

‘பாவம்’ என்னும் சொல்லின் இடர் அதனால் தீர்ந்துவிடவில்லை. அவ்வாறான சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி, முதலொலி அதிர்வதாயின் அடியில் ஒரு கோடு இடுவதென்று இருவரும் ஏற்பாடு செய்துகொண்டனர். சில மாதங்களில் அப்பட்டியல் ஒரு பக்கத்தையும் தாண்டவில்லை என்று நண்பர் சொன்னார்.

வெளிமாநிலத்தில் வாழும் நேயர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. பிள்ளைகள் தமிழ் எழுத்தைக் குறை கூறினால் சினம் கொள்ள வேண்டா. அவர்கள் கூர்ந்து கேட்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம். நாள்தோறும் கால் மணி நேரமேனும் தமிழை உரக்கப் படிக்கச் செய்யுங்கள். எழுத்து காட்டாத ஒலியைச் செவி கற்றுக்கொள்ளும். பள்ளியில் அவர்கள் கற்கும் மொழியைத் தமிழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அயல்மொழியின் ஒலி தமிழின் மறந்துபோன ஒலியை நினைவூட்டுவதும் உண்டு.

ஆச்சிக்குச் சென்ற பதில் கடிதம் தமிழிலேயே எழுதப்பட்டது. அதில் ‘பாவம்’ என்னும் சொல்லின் கீழே மட்டும் ஒரு கோடு இருந்ததாம். அது எதற்கு என்று ஆச்சி கேட்டு எழுதியிருக்கிறார். அதற்கு விளக்கம் எழுதும் பொறுப்பைச் சிறுமியே ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.